கைக்குக் கை போன கத்தி

அந்தக் காலத்தில் இரும்புக்கு வாய் இருந்தது. கோடாலி பேசும், அரிவாள் பேசும், குத்தூசிகூடத் தன் மெல்லிய குரலில் முணுமுணுக்கும். ஆனால் எந்த இரும்புக்கும் ஒரு வேலைதான், ஒரு பேச்சுதான். கோடாலியிடம் எதைக் கேட்டாலும் மரத்தைப் பற்றிச் சொல்லும். ஊசியிடம் கேட்டால் கிழிசலைப் பற்றிச் சொல்லும். வேறொன்றும் அவற்றுக்குத் தெரியாது. அதனால் இரும்பின் முன்னால் யாரும் எதையும் பேசலாம்.

மலையடிவாரத்துப் பிரம்பங்காட்டில் சில குடும்பங்கள் பிரம்பு வெட்டிப் பிழைத்தன. பிழைத்தன என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்தக் காடு யாரும் நட்டதல்ல. ஆனாலும் மேலே குன்றின்மீது கோட்டை கட்டி உட்கார்ந்தவன் காடு தன்னுடையது என்றான். கோட்டையார் என்று அவனை அழைத்தார்கள். வெட்டிய பிரம்பெல்லாம் அவனுக்கு. பெண்பிள்ளைகள் சற்று வளர்ந்ததும் கோட்டைக்கு வேலைக்குப் போக வேண்டும். போன பிள்ளை எதுவும் திரும்பி வந்ததில்லை. ஆற்றுக்கு அக்கரையில் அவன் அதிகாரம் செல்லாது. அங்கே போக முயன்று பிடிபட்டவர்களைக் கோட்டைக்குள் இருந்த பள்ளத்தில் இறக்கினார்கள். பள்ளத்தில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. சிறிது நேரம் சத்தம் கேட்கும், பிறகு கேட்காது.

உலகாயியின் கணவன் அந்தப் பள்ளத்துக்குள் போனவன். அவளுக்கு மிச்சம் இருந்தது மகள் செம்பி. மழைக்காலம் முடிந்ததும் செம்பியை அனுப்பச் சொல்லிக் கோட்டையிலிருந்து ஆள் வந்துவிட்டது. அதற்குள் மகளை ஆறு தாண்டச் செய்ய வேண்டும். உலகாயிக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்த மழைக்காலத் தொடக்கத்தில், காட்டுப் பாதையில் நாச்சான் ஒரு கத்தியைக் கண்டெடுத்தான். நாச்சான் வாய் ஓயாதவன். பாதி வழியிலிருந்தே கூவிக்கொண்டு வந்தான். எல்லாரும் கூடிவிட்டார்கள்.

அப்படி ஓர் இரும்பை அவர்கள் பார்த்ததில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் பிடி. அதிலிருந்து பெரிய அலகு, சின்ன அலகு, ரம்பம், துளைபோடும் துறப்பணம், கத்தரி, முள்வாங்கி, கடைசியில் காது குடையும் குறும்பிவாங்கி என்று நண்டுக்குக் கால் முளைத்ததுபோல் முளைத்திருந்தன. மூடிக்கொள்ளும் பழக்கம் அதற்கு அப்போது இல்லை. கால்களை மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தது.

"வெட்டணுமா, அறுக்கணுமா, துளைக்கணுமா? சொல்லுங்க. என்கிட்ட இல்லாதது எது?" என்றது கத்தி.

"வாயைப் பார்த்தா நாச்சானுக்குக் கூடப்பிறந்தது மாதிரி இருக்கே" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

சோதித்துப் பார்த்தார்கள். பெரிய அலகால் நாச்சான் ஒரு பிரம்பைப் பிளந்தான். பாதிப் பிரம்பில் மூட்டு ஆடி அலகு வழுக்கியது. ரம்பம் மணிக்கட்டுப் பருமன் உள்ள கிளையைச் சுத்தமாக அறுத்தது, அதற்கு மேல் எட்டவில்லை. துறப்பணம் நன்றாகத்தான் துளைத்தது. ஆனால் அழுத்தித் திருகும்போது மற்றக் கால்கள் உள்ளங்கையில் குத்தின. கத்தரி நகம் வெட்ட அருமை, தோல் வெட்ட ஆகாது.

உலகாயியின் குதிகாலில் வெகுநாளாக ஒரு முள் புதைந்து கிடந்தது. முள்வாங்கி அதை வலிக்காமல் வெளியே எடுத்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெரிய வேலைக்கு இது ஆகாது. சின்ன வேலைக்கு இதைப் போல ஒண்ணு கிடையாது" என்றாள். "தூரம் போறவங்களுக்கு ஏத்தது. ஒரு கூடைச் சாமானை மடியில முடிஞ்சுக்கலாம்."

"எங்கே போறீங்க அக்கா?" என்றது கத்தி, பாசமாக.

அந்தக் கேள்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொம்பையன் மட்டும் தள்ளி நின்றான். எதைக் காட்டினாலும் குறை சொல்கிறவன் என்று பெயர் வாங்கியவன்.

"என்ன மாமா, உமக்கு ஓசியில கிடைச்சாலும் ஒப்பாதோ?" என்றான் நாச்சான்.

"மூட்டு ஆடுறதும் அலகு குட்டையா இருக்கிறதும் ஒரு குறையாடா? கோடாலியைக் கேட்டா மரம்னு சொல்லும். இது என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். ஏ கத்தி, நீ யாருக்காகப் பொறந்தே?"

"உங்களுக்காகத்தான் அண்ணே."

"நாச்சான் கேட்டா?"

"நாச்சானுக்காக."

"அப்ப நான் இதைத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கொம்பையன் போய்விட்டான்.

மற்றவர்கள் அதைப் பொதுவில் வைத்தார்கள். பகலெல்லாம் கைக்குக் கை போகும். ஒரே வீட்டில் தங்கினால் பொறாமை வரும் என்று, அந்தி சாய்ந்ததும் ஓடைப்பாறையின்மேல் வைத்துவிடுவார்கள். பகிர்ந்துகொள்வது அவர்களிடம் இருந்த ஒரே செல்வம். கோட்டையார் கை வைத்ததும் அந்தச் செல்வத்தின்மீதுதான்.

முதலில் காணாமல் போனது மேட்டுக் குடிசையின் கணவனும் மனைவியும். ஆற்றுக்குப் போகும் வழியில், அவர்கள் வரும் வேளை தெரிந்ததுபோல் கோட்டை ஆட்கள் புதருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து, ஒருவன் கோட்டைக்குத் தெரியாமல் புதைத்து வைத்திருந்த தேன்பானையை நேராக வந்து தோண்டி எடுத்தார்கள். அவனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கோட்டையாரைச் சபித்த ஒருத்தியை, அவள் சபித்த சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லி இழுத்துப் போனார்கள்.

காட்டில் பேச்சு நின்றது. கணவன் மனைவியிடம் பேசப் பயந்தான். அடுப்படியில் தாய் பாடினாலும் பிள்ளை அவள் வாயைப் பொத்தியது. பிரம்பு முறியும் சத்தம் கேட்டால் எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். கோட்டைக்கு அஞ்சிய காலத்தில் அவர்கள் ஒருவரையொருவர் நெருங்கி உட்கார்ந்தார்கள். இப்போது தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். ஆளுகிறவனுக்கு இதைவிட மலிவான காவல் வேறு இல்லை.

கடைசியில் ஒருவன் அந்தக் கேள்வியைக் கேட்டான்: "எல்லார் வீட்டிலும் இடி விழுந்துச்சே, கொம்பையன் வீட்டில மட்டும் ஏன் விழல?"

கேள்வி தீயாகப் பரவியது. கொம்பையனைச் சுற்றி நின்றார்கள்.

"நான் என்னடா செஞ்சேன்? சொல்லுங்கடா" என்றான் கொம்பையன்.

"ஒண்ணும் செய்யாம எப்படித் தப்பிச்சே?" என்றார்கள்.

அவனுக்கே காரணம் தெரியாது. அவன் உலகாயியைப் பார்த்தான். "நீயுமா தாயி?" என்றான். உலகாயி தலையைக் குனிந்துகொண்டாள். நாச்சான் குனிந்து ஒரு கல்லை எடுத்தான். அதைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். நெற்றியில் ரத்தம் வழிய, வெறுங்கையோடு கொம்பையன் காட்டுக்குள் போனான். சற்று நேரத்தில் கோட்டை நாய்கள் குரைப்பது கேட்டது. நாய்கள் ஓய்ந்த பிறகும் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

துரோகி ஒழிந்தான், இனி பயமில்லை என்று நினைத்தாள் உலகாயி. ஆற்றைக் கடக்க நாள் குறித்தாள். முந்தின நாள் மாலை செம்பியின் காலில் முள் தைத்தது. நாச்சானிடம் கத்தியை வாங்கி வந்து, குடிசைக்குள் முள்ளை எடுத்தபடியே அழுத பிள்ளையைத் தேற்றினாள்: "அழாதே கண்ணு. நாளைக்கு யானைப்பாறைக்குப் போயிடுவோம். அங்க ஆறு ஒடுக்கம். தாண்டிட்டா அம்மா உன்னை யாருக்கும் குடுக்கமாட்டேன்."

"நல்ல அம்மா" என்றது கத்தி. முள் வந்ததும் அதை நாச்சான் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அன்று இருட்டில் தனியே ஓடைப்பாறைப் பக்கம் போக நாச்சானுக்குத் தைரியம் வரவில்லை. கத்தியைக் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான். விடிந்ததும் அதை உலகாயியின் வாசலுக்கு எடுத்து வந்தான்.

"வழிக்கு உதவும் அக்கா, வச்சுக்கோ" என்று நீட்டினான்.

அவள் எங்கே போகிறாள் என்று இவனுக்கு எப்படித் தெரியும்? மடியில் அவள் எல்லாவற்றையும் முடிந்து வைத்திருந்ததை அவன் பார்த்திருந்தான், அவ்வளவுதான். ஆனால் பயத்துக்கு அதெல்லாம் தெரியாது. அவள் பின்வாங்கினாள்.

"கிட்ட வராதே. கையில குடுக்காதே. கீழே வச்சுட்டுத் தள்ளி நில்லு."

"என்னக்கா இது? நான் நாச்சான்!"

"கீழே வைடா!"

முகம் சுருங்கிப் போய் நாச்சான் கத்தியைத் தரையில் வைத்தான். அவன் விரல்கள் விலகின.

கத்தியின் கால்கள் அத்தனையும் விறைத்து நின்றன. பிடி தானாகச் சுழன்று கோட்டை இருக்கும் திசைக்குத் திரும்பியது. பாசம் வடிந்த ஒரு குரல், அவர்கள் கேட்டே இராத குரல், மண்ணிலிருந்து வந்தது.

"எசமானே. ரம்பம் கேட்டது: மேட்டுப் பக்கத்தில் மிஞ்சியவர்கள் தேனை வேறிடத்தில் புதைத்திருக்கிறார்கள். கத்தரி கேட்டது: இரண்டு பேர் உங்கள் பெயரைச் சொல்லித் துப்பினார்கள். கொம்பையனைப் பற்றி எந்நாளும்போல் ஒன்றும் இல்லை. கடைசிவரை அவன் என்னைத் தொடவே இல்லை."

கத்தி யாருடையது என்று இருவருக்கும் அப்போதுதான் விளங்கியது. கையில் இருக்கும்வரை அந்தக் கைக்கு ஏற்றபடி பேசும், கை விட்டதும் செய்தவனுக்காகப் பேசும். அப்படித்தான் கோட்டை உலையில் அதை அடித்திருந்தார்கள்.

"முள்வாங்கி கேட்டது: உலகாயி இன்று மகளோடு ஆற்றைக் கடக்கிறாள். கடக்கும் இடம்..."

உலகாயி பாய்ந்து அதை அள்ளினாள்.

"அக்கா! ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கிறே? முள்ளு குத்திடுச்சா?" என்றது கத்தி, பழைய குரலில்.

குன்றின்மேல் கொம்பு ஊதினார்கள். நாய்களை அவிழ்த்துவிட்டார்கள்.

"தூக்கி எறி அக்கா! ஓடையில எறி!"

"எறிஞ்சா கையை விட்டுப் போகும்டா. போனா இடத்தைச் சொல்லிடும்."

நாச்சான் தலையில் அடித்துக்கொண்டான். "மாமாவை அடிக்க முதல் கல்லை எடுத்தது நான்தானே அக்கா!"

"அதுக்கெல்லாம் அப்புறமா அழுதுக்கலாம். இப்ப பிள்ளையைத் தூக்கு."

ஓடினார்கள். ஓடிக்கொண்டே உலகாயி அதன் கால்களை ஒவ்வொன்றாகப் பிடிக்குள் மடக்கினாள். ஒரு கால் மடங்கியதும் குரல் ஒரு பங்கு குறைந்தது. நாக்குகள் அவைதான் என்று அவளுக்குப் புரிந்தது.

"உன் புருஷன் பள்ளத்துல என்ன சொன்னான்னு தெரியுமா அக்கா? மடக்காதே, சொல்றேன்" என்றது கத்தி.

அவள் கால் தடுமாறியது. ஒரு கணம் நின்றாள். பிறகு பெரிய அலகை அழுத்தி மடக்கினாள். அது அவள் விரலைக் கவ்வி எலும்புவரை இறங்கியது. அவள் கத்தவில்லை. கத்தினால் நாய்களுக்குக் கேட்கும்.

யானைப்பாறையில் ஆறு சேறாகச் சுழித்து ஓடியது. கோட்டை ஆட்களுக்கு இடம் தெரியவில்லை. கீழே அகலத் துறையில் அவர்கள் கூச்சல் கேட்டது. செம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நாச்சான் இறங்கினான். பின்னால் உலகாயி, கழுத்தளவு நீரில், பாறையிலிருந்து ஆற்றுக்குள் படர்ந்திருந்த முரட்டுக் கொடியைப் பற்றியபடி. நடு ஆற்றில், மடங்கிய கால்களுக்கு இடையிலிருந்து குறும்பிவாங்கி நழுவி வெளியே வந்தது. எல்லாவற்றிலும் சிறியது அதுதான். ஈரக்கையின் பிடி அதற்கு எட்டவில்லை, அதன் மட்டுக்கும் கை விட்ட மாதிரிதான்.

"எசமானே," என்று கொசுவைப்போல் ரீங்கரித்தது, "யானை..."

ஒரு கையில் கொடி, மறு கையில் கத்தி. உலகாயி அந்த நாக்கைப் பல்லால் கவ்விக் கடித்தாள். பல் உடைந்தது. இரும்பும் வளைந்து உள்ளே போனது. பிறகு தண்ணீரின் சத்தம் மட்டும் இருந்தது.

அக்கரை ஏறியதும் செம்பி தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனாள். நாச்சான் கரையோரம் நின்று, "மாமோவ்! கொம்பையன் மாமோவ்!" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டான். பின்னால் மற்றவர்களும், வர முடிந்தவர்கள், யானைப்பாறை வழியாக வந்து சேர்ந்தார்கள். கொம்பையன் வரவில்லை. கோடாலிக்கும் அரிவாளுக்கும் நடந்தது தெரிந்தபோது, தங்கள் இனத்தில் இப்படி ஒன்று பிறந்ததே என்று அவையும் வாயை மூடிக்கொண்டன.

அன்று முதல்தான் மடக்குக் கத்தி தன் கால்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்கிறது. நகத்தைக் கொடுத்து நெம்பினால் ஒழியத் திறப்பதில்லை, மூடும்போது அசந்தால் விரலைக் கடிக்கிறது. அன்று முதல்தான் நம்மவர்கள் எந்தக் கத்தியையும் கைக்குக் கை கொடுப்பதில்லை, தரையில் வைக்கிறார்கள், மற்றவர் எடுத்துக்கொள்கிறார். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று காரணம் சொல்வார்கள். வைத்த கை விலகி எடுக்கும் கை நீளும்வரை ஒரு மூச்சு நேரம் யாரும் பேசுவதில்லையே, அது ஏன் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். தரையில் கிடக்கும் அந்தக் கத்தி யாருக்காகப் பேசுகிறது என்று காது கொடுத்துக் கேட்கிறார்கள்.