கெசியா காத்த நிலம்

கேட்க வந்தவர்களே, இந்தக் கதையில் வருகிற பெரிய மனிதர்களில் ஒரு யோக்கியனைத் தேடி அலுத்துப்போக வேண்டாம். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். காறித் துப்பத் தோன்றினால் துப்பிவிட்டு நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூள்வதற்குச் சில ஆண்டுகள் முந்தைய சங்கதி இது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் மிசூரி மாநிலம். அங்கே மனிதரை மனிதர் விலைக்கு வாங்கி வேலை வாங்கலாம். அந்தப் பக்கம் கான்சாஸ் என்கிற புதுப் பிரதேசம். அங்கே காலங்காலமாக வாழ்ந்த பழங்குடிகளைத் துரத்திவிட்டு, அதற்குக் காலி நிலம் என்று பெயர் வைத்தார்கள், வெட்கங்கெட்டவர்கள்! அங்கே அடிமைகள் இருக்கலாமா கூடாதா என்பதைக் குடியேறுகிறவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று தலைநகரத்தார் கைகழுவிவிட்டார்கள். அடிமை முறை வேண்டும் என்ற தெற்கத்திக்காரர்களும் வேண்டாம் என்ற வடக்கத்திக்காரர்களும் முண்டியடித்துக்கொண்டு ஓடினார்கள்.

நிலம் பிடிக்க அங்கே ஒரு வழக்கம் இருந்தது. நான்கு மரக்கட்டைகளைச் சதுரமாகக் கிடத்தினால் போதும், அது வீடு. ஆனால் பிறகு யாராவது அங்கே குடியிருக்க வேண்டும். குடியிருந்தவருக்கே நிலம்.

மிசூரிக்காரர் லெமுவல் ஸ்ட்ரோதர் கான்சாஸில் ஓர் ஓடைக்கரையில் நான்கு கட்டைகளைக் கிடத்தினார். அங்கே குளிரில் விறைக்க அவருக்கு என்ன தலையெழுத்தா? தம் அடிமை கெசியாவை அங்கே விட்டுவிட்டு வீடு திரும்பினார். அவள் ஓடிப்போகாமலிருக்க, அவள் மகள் தாமாரைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

"கெசியா, இந்த நிலம் என் கைக்கு வரட்டும். உன்னையும் உன் பெண்ணையும் விடுதலை செய்கிறேன். இது என் வாக்கு."

அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டு அவள் உயிரை விட்டு உழைத்தாள். கட்டைகளின்மேல் புல் வேரோடிய மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினாள், தரிசைக் கொத்தி மக்காச்சோளம் விதைத்தாள், குளிர்காய்ச்சலில் தனியாகக் கிடந்து பிழைத்தாள். ஒவ்வொரு வேலையிலும் தாமாரின் முகம்தான் அவள் கண்முன் நின்றது.

மறு வசந்தத்தில் வடக்கிலிருந்து அசாஹெல் பிராட் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். அடிமை முறை பாவம் என்று ஓடைக்கரை அதிரப் பிரசங்கம் செய்கிறவர். கெசியாவுக்கு உப்பும் மருந்தும் கொடுத்தார். "சகோதரி, கடவுள் முன்னால் நீயும் நானும் ஒன்று" என்றார். அப்படி ஒரு சொல்லை அவள் அதுவரை கேட்டதில்லை. அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஆனால், அந்த நிலத்தில் வெள்ளைக்காரர் யாரும் குடியில்லை என்று கண்டதும், அதே பிராட் அங்கே கூடாரம் அடித்து நிலம் தமக்கே என்றார்.

வழக்கு அக்கம்பக்கத்தார் கூடிய மரத்தடிக்கு வந்தது. நடுவர், படகுத்துறைக்காரர் ஃபென்விக். இரு கரைக்காரர்களும் அவர் படகில்தான் ஏறியாக வேண்டும் என்பதால் யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். கறுப்பர் சாட்சி அங்கே செல்லாது. கெசியா ஓரமாக நின்று கேட்கத்தான் முடிந்தது.

ஸ்ட்ரோதர் எழுந்தார். "இவள் என் வீட்டு மனுஷி. இங்கே சமைத்தாள், தூங்கினாள், காய்ச்சலில் கிடந்தாள். இது குடியிருப்பு இல்லையென்றால் வேறெது?"

ஆமாம், அடிமைக்காரர் வாயிலிருந்துதான் அந்த 'மனுஷி' வந்தது!

அடுத்து பிராட் எழுந்தார். "இவர் மாநிலச் சட்டப்படி இவள் வெறும் உடைமை. கலப்பையை வயலில் போட்டுவிட்டுப் போனால், கலப்பை குடியிருந்தது என்று சொல்வோமா?"

த்தூ! சகோதரி என்று சொன்ன அதே வாய்.

ஃபென்விக் தாடியைத் தடவினார். "இவள் பொருள் என்றால் ஸ்ட்ரோதர் இங்கே குடியிருக்கவில்லை. மனுஷி என்றால், குடியிருந்தது இவள்தான். நிலமும் இவளுக்குத்தான் போகும். எதை எழுதட்டும்?"

கெசியா ஓரத்திலிருந்து ஓர் அடி முன்னே வந்தாள். அது ஒரு நொடிதான்.

"பொருள்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அப்படிப் பார்த்தால் நிலம் பிராட்டுக்கே போக வேண்டும்; ஆனால் ஸ்ட்ரோதரையும் பகைக்க மனமில்லாத ஃபென்விக் அதை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துவிட்டு எழுந்தார். பக்கத்திலேயே அடிமைப் பண்ணை வருவதை எதிர்த்துப் பிராட் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. ஸ்ட்ரோதர் கெசியாவிடம் வந்தார். "பாதி நிலம்தானே வந்தது? அப்படியானால் பாதி வாக்கு. நீயா, உன் பெண்ணா? ஒருத்தியைச் சொல்."

"தாமார், எஜமான்" என்றாள் கெசியா.

ஃபென்விக் விடுதலையான தாமாரைப் படகில் ஏற்றி, அடிமை முறை இல்லாத வடக்கே கொண்டுபோய்விட்டார். கூலியாகக் கெசியாவின் சோள மூட்டையை வாங்கிக்கொண்டார். அதையும் விடவில்லை அந்த மனிதர். நிலத்தின் நடுவே போட்ட வேலிக்காக ஸ்ட்ரோதரும் பிராட்டும் ஒருவர் கொட்டகையை ஒருவர் கொளுத்திக்கொண்டார்கள். இப்படி அங்கங்கே பற்றிய நெருப்புத்தான் பின்னால் நாடு முழுக்கப் போராக எரிந்தது.

இப்போது சொல்லுங்கள்: ஸ்ட்ரோதர், பிராட், ஃபென்விக் இந்த மூவரில் கெசியாவுக்குப் பெரிய துரோகம் செய்தவர் யார்?

விடை: வாக்கை வெட்டிப் பாதியாக்கிய ஸ்ட்ரோதர் என்றுதான் பலரும் சொல்வீர்கள். ஃபென்விக்கைச் சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் கெசியாவின் பதில் வேறு. படகு மறைந்த பிறகு பிராட் அவளிடம் வந்து, "நிலத்துக்காக அப்படிச் சொல்ல வேண்டியதாயிற்று, சகோதரி. நீ மனுஷி என்று என் மனதுக்குத் தெரியும்" என்றார். ஸ்ட்ரோதர் இருந்த பக்கம் கையைக் காட்டி அவள் சொன்னாள்: "அவருக்கு அது தெரியாது, ஐயா. உங்களுக்குத் தெரியும்."