பத்தொன்பது வினாடி வாழ்த்து

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம். இந்தக் கதையின் குருவுக்கு முப்பத்துநான்கு வயது. பெயர் இசக்கியம்மாள். பாளையங்கோட்டையில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, ஊரார் கல்யாண வீடியோக்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிக் கொடுப்பவள்.

சீடருக்கு ஐம்பத்தெட்டு. கோயில்பிள்ளை. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் ஜெபாவின் கல்யாணத்தை வீடியோ எடுத்த ஸ்டூடியோக்காரரிடம், "எடுத்ததை அப்படியே குடுங்க, எடிட்டிங்கை நான் பாத்துக்கிடுதேன்" என்று வீராப்பாகச் சொல்லி வாங்கி வந்துவிட்டார். அதன் பிறகுதான் எடிட்டிங் என்றால் என்னவென்று கற்றுக்கொள்ள ஆள் தேடி இவளிடம் வந்தார்; வெட்டுவது மட்டும் அதற்குள் பழகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அவர் கம்ப்யூட்டர் பெட்டியையே ஸ்கூட்டரில் வைத்து, துண்டால் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார்.

"டீச்சரம்மா, இதுக்கு என்ன வியாதின்னு பாருங்க. படம் ஓட மாட்டேங்குது. ரெண்டு எட்டு வைக்கி, நிக்கி. ரெண்டு எட்டு வைக்கி, நிக்கி."

"என்ன வைத்தியம் பாத்தீங்க?"

"மெமரி கூட்டினேன். புது டிஸ்க் போட்டேன். பெட்டியோட பக்கத்து மூடியைக் கழட்டி டேபிள் ஃபேனைத் திருப்பி வச்சேன். ஜெபமும் பண்ணினேன்."

இசக்கியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பெட்டியைத் தன் திரையோடு இணைத்தாள். ஓடவிட்டாள். பேண்டு வாத்தியக்காரர் கையை ஓங்கினார், ஓங்கியபடியே நின்றார். வாத்தியச் சத்தம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

"பெட்டியில ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. சரக்குதான் பெரிசு. அம்புட்டையும் இதுகிட்டச் சொமக்கச் சொல்லிட்டு, ஓடவும் சொல்லுதீங்க."

"வேற புதுசு வாங்கணுமோ?"

"வேண்டாம். ஒவ்வொரு படத் துண்டுக்கும் சின்னதா ஒரு நகல் எடுப்போம். வெட்டுறது, ஒட்டுறது எல்லாம் நகலை வச்சு. கடைசியில படம் வெளிய வரும்போது ஒரிஜினல்லருந்து வரும்."

கோயில்பிள்ளைக்கு மனம் ஒப்பவில்லை. "நகல்ல முகம் மங்கிப் போகாதா?"

"கொஞ்சம் மங்கும். யாரு, என்ன செய்யுதான்னு தெரியும்லா? வெட்டுறதுக்கு அது போதும்."

நகல் எடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டு அவள் தேநீர் போடப் போனாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தேநீர் வந்ததும் கோயில்பிள்ளை விஷயத்துக்கு வந்தார்.

"டீச்சரம்மா, ஒரு ஆளைப் படத்துலருந்து அடியோட எடுக்கணும். அடையாளமே இருக்கக் கூடாது. அது எப்படின்னு சொல்லிக் குடுங்க."

"யாரை?"

"எந் தம்பி தேவசகாயத்தை."

பதினோரு வருஷமாக அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அம்மாவின் அடக்கத்துக்குத் தம்பி பம்பாயிலிருந்து வந்து சேர்ந்தபோது குழி மூடியாகிவிட்டது. "இப்ப எதுக்கு வந்தே?" என்று கல்லறைத் தோட்டத்தில் ஊர் முன்னால் கேட்டார் கோயில்பிள்ளை. தம்பி பதில் சொல்லவில்லை. அதோடு சரி. கல்யாணத்துக்கு ஜெபாதான் தனியாகப் போய்ச் சித்தப்பாவை அழைத்திருந்தாள்.

"வந்தான். மேடையில ஏறி மைக்கைப் பிடிச்சான். என்ன பேசினாங்கிறீங்க? பத்தொன்பது வினாடி! பதினோரு வருஷம் கழிச்சு வந்தவன், கடைக்காரன் ரசீது கிழிச்சுக் குடுத்த மாதிரி நாலு வார்த்தை சொல்லிட்டு இறங்கிட்டான். நாளைக்குக் கோயில்ல ஆராதனை முடிஞ்சதும் எல்லாரும் வீட்டுல உக்காந்து படம் பாக்கப் போறாங்க. திங்கக்கிழமை ஜெபா மஸ்கட்டுக்குப் போயிருவா. அவனையும் கூப்பிட்டு வச்சிருக்கா. வரட்டும். வந்து, தான் இல்லாத படத்தைப் பாக்கட்டும்."

"பாத்தா அதுக்கப்புறம் வருவாரா?"

"வர வேண்டாம்."

சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிக்காமலே தள்ளி வைத்தார். வெளியே கோபம் இருந்தது. உள்ளே இருந்தது வேறு. அதை அவள் பார்த்தாள்.

நகல்கள் முடிந்தன. இசக்கியம்மாள் முதலிலிருந்து ஓடவிட்டாள். பேண்டுக்காரர் ஓங்கிய கை இறங்கியது. ஜெபா கோயில் வாசலில் இறங்கினாள். பாதிரியார் மோதிரத்தை ஆசீர்வதித்தார். எங்கும் நிற்கவில்லை. கோயில்பிள்ளை குழந்தை மாதிரி கையைத் தட்டினார்.

"ஓடுதே! புது பஸ் மாதிரி ஓடுதே!"

மாலை வரவேற்பு வந்தது. தேவசகாயம் மேடையேறினார். மெலிந்த மனிதர், மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "அண்ணன் மக... நல்லா இருக்கணும்... எல்லாரும் நல்லா இருங்க." இறங்கிவிட்டார். பத்தொன்பது வினாடி.

"பாத்தீங்களா?" என்றார் கோயில்பிள்ளை.

இசக்கியம்மாள் பார்த்தது வேறு. அந்தத் துண்டில் ஐந்து இடத்தில் வெட்டு இருந்தது.

"இதை எதுக்கு அண்ணாச்சி வெட்டினீங்க?"

"அங்க பதிவே கெட்டுப் போச்சு டீச்சரம்மா. மத்த இடத்துல படம் நின்னாலும் சத்தம் ஓடிச்சு. இங்க படமும் நின்னுட்டு, சத்தமும் நின்னுட்டு. கெட்டதை வச்சு என்ன செய்ய? நின்ன இடத்தையெல்லாம் வெட்டித் தள்ளிட்டேன்."

"வெட்டினது எங்கயும் போகாது. இழுத்தா வரும்."

அவள் வெட்டு விளிம்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தாள். துண்டு நீண்டுகொண்டே போனது. பத்தொன்பது வினாடி மூன்று நிமிடமானது. ஓடவிட்டாள்.

"அண்ணன் மக" என்றார் தேவசகாயம். நின்றார். சத்தம் இல்லை.

"பாத்தீங்களா, நகல்லயும் நிக்கி! நான்தான் சொன்னேன்லா, கெட்டுப் போச்சுன்னு."

"அவருக்குப் பின்னால பாருங்க. ஜெபா தலையில என்ன?"

"முக்காடு."

"என்ன செய்யுது?"

கோயில்பிள்ளை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். மேடை மின்விசிறிக் காற்றில் மகளின் முக்காடு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"ஆடுது."

"மெஷின் ஓடுது அண்ணாச்சி. நிக்கிறது உங்க தம்பி."

கோயில்பிள்ளை திரைக்கு இன்னும் கிட்டே போனார். திரையில் தேவசகாயத்தின் தொண்டை ஏறி இறங்கியது. உதடு பிரிந்தது, மூடியது. மண்டபம் முழுக்க அமைதியாக அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கணும்" என்று எப்படியோ சொல்லிவிட்டு மறுபடியும் நின்றார். இந்த முறை அவர் கண் முன்வரிசை நாற்காலிகளில் ஒவ்வொன்றாகப் போனது. ஓரிடத்தில் நின்றது. படத்தின் கீழ் ஓரத்தில் தெரிந்த அந்த நாற்காலியில் ஆள் இல்லை. முதுகில் ஒரு நீல அங்கவஸ்திரம் மட்டும் கிடந்தது. கண் வாசல் பக்கம் போனது. திரும்பவும் அந்த நாற்காலிக்கே வந்தது. மைக்கை இறக்கினார். திரும்ப ஏற்றினார். யாரோ உள்ளே வரட்டும் என்று காத்திருப்பவர் போலவே நின்றார்.

கடைசியில், "எல்லாரும் நல்லா இருங்க" என்றார்.

இசக்கியம்மாள் நிறுத்தினாள். "நீல அங்கவஸ்திரம் யாரோடது?"

"என்னுது."

"நீங்க எங்க போனீங்க?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "அவன் மைக்கைப் பிடிச்சதும் எந்திச்சுப் பந்திக்குப் போயிட்டேன். அங்க எனக்கு ஒரு வேலையும் இல்ல. சும்மா இலையைத் தொடச்சுக்கிட்டு நின்னேன்."

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை இறக்கவில்லை. இசக்கியம்மாள் எழுந்து போய் ஆறிப்போன தேநீரைச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். அவசரப்படுத்தவில்லை. அழுகிற மனுஷரை அவசரப்படுத்துவது பாவம்.

கடைசியில் அவரே பேசினார். குரல் சின்னதாக இருந்தது.

"டீச்சரம்மா, படத்துல இதை முழுசா வைக்கச் சொல்லுதீங்களா? ஒரு மனுசன் மூணு நிமிசம் பேசாம நிக்கிறதை யாரு உக்காந்து பாப்பா?"

அவள் தேநீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"யாருக்காக நின்னாரோ, அவரு இப்பப் பாத்துட்டாருல்லா அண்ணாச்சி."