இலந்தை முள்ளுக்கடியில் வந்த மாப்பிள்ளை

அந்தக் காலத்தில், எலியும் பருந்தும் மனுசரோடு பேசிக்கொண்டிருந்தபோது, கிழக்கே ஒரு புதர்க்காடும் மேற்கே ஒரு புதர்க்காடும் இருந்தன. நடுவிலிருந்த புதரையெல்லாம் காளியண்ணன் என்கிறவர் வெட்டிக் கடலைக்காடு ஆக்கிவிட்டார்.

அதோடு கிழக்கே இருந்த வெள்ளெலிகள் தனியாகிப் போயின. மேற்கே போகலாம் என்று வெட்டவெளியில் இறங்கியதையெல்லாம் பருந்து தூக்கிவிட்டது. வேறு வழியில்லாமல் ஒரே வீட்டுக்குள் பெண் கொடுத்து, ஒரே வீட்டுக்குள் எடுத்தார்கள். குட்டிகள் சவலையாய்ப் பிறந்து, கண் திறக்குமுன்னே செத்தன.

துருவி என்ற எலிக்கு இரண்டு மகள்கள். சின்னவளுக்கும் கல்யாண வயசு வந்தது.

"என் மகனுக்கே குடுத்துரு. வேற யாரு இருக்கா?" என்றாள் நாத்தனார்.

"பெரியவளையும் உங்க வீட்டுக்குத்தானே குடுத்தோம் அண்ணி. ஒரு குட்டியாவது தங்குச்சா?"

துருவி வளையில் சேர்த்து வைத்திருந்த இலந்தைக்கொட்டைகளைக் கவ்விக்கொண்டு மேற்கே பார்த்துக் கிளம்பினாள். கலப்பை படாத வரப்போரமாய் ஒவ்வொன்றாய்ப் புதைத்துக்கொண்டே போனாள். பருந்தின் நிழல் விழுந்தால் தோண்டின குழிக்குள்ளேயே பதுங்கிக்கொள்வாள்.

"வயித்துக்குப் போடாம மண்ணுக்குப் போடறாளே!" என்று நாத்தனார் கத்தினாள்.

"என்ன துருவி, எனக்குத் தோட்டம் போடறியா?" என்று பருந்து சிரித்தது.

துருவிக்குக் கூச்சமாய் இருந்தது. கொட்டையை மண்ணைத் தள்ளி மூடினாள்.

மழை பெய்தது. வரப்பு நெடுக இலந்தை முளைத்து, இடுப்பு உயரம் வளர்ந்து, முள் பின்னிக்கொண்டது. ஒருநாள் காளியண்ணன் அரிவாளோடு வந்தார். கூச்சத்தையெல்லாம் விட்டுவிட்டுத் துருவி அவர் காலடியில் போய் நின்றாள்.

"வெட்டாதீங்கண்ணா. இது முளைச்ச பிறகு ஒரு ஆடு உங்க காட்டுக்குள்ள வந்துச்சா?"

"நீயும் கடலை திங்கிறவதானே?"

"திங்கிறேன். ஆடு திங்கிற அளவுக்கா திங்கிறேன்?"

அவர் பெண்சாதி பாவாயி சிரித்துவிட்டாள். "அருவாளைக் கீழ வைங்க. ஆடு விரட்டி விரட்டி என் காலு தேஞ்சது போதும்."

அரிவாள் கீழே இறங்கியது.

மேற்கேயிருந்து மாப்பிள்ளை கூட்டம் முள்ளுக்கடியிலேயே பாட்டும் கூத்துமாய் வந்தது. பருந்து ஒரே பாய்ச்சலாய்ப் பாய்ந்தது. முள் குத்தி, இறகை விட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடியது. அந்த இறகைத்தான் கல்யாணப் பந்தலுக்குத் தோரணமாய்க் கட்டினார்கள். துருவியின் பேரப்பிள்ளைகள் அத்தனையும் கண் திறந்தன. கொழுகொழுவென்று இருந்த அதுகளைத் தூக்கிக்கொண்டு, "எங்க வீட்டுப் பிள்ளைங்க!" என்று ஊரெல்லாம் காட்டியது நாத்தனார்தான்.

அன்று முதல்தான் வெள்ளெலி சேர்த்த கொட்டையையெல்லாம் தின்றுவிடாமல், போகிற வழியில் கொஞ்சம் புதைத்து வைக்கிறது. கடலைக்காட்டுக்காரரும் வரப்பு இலந்தையின் கிளையை மட்டும்தான் கவாத்து செய்கிறார். வேரில் அரிவாள் வைப்பதில்லை.