பதினோரு புள்ளி

“பதினோரு புள்ளியோட ஏலத்தைத் திறக்கலாமா, டாக்டரம்மா?” என்று கேட்டார் சம்பந்தமூர்த்தி.

“திறக்கலாம் சார்.”

“புத்தகத்துல பன்னிரண்டு வேணும்னு போட்டிருக்கே.”

“இருந்தா நல்லதுதான்.”

“அப்ப பதினொண்ணுல பாஸ் சொன்னா?”

“தப்பில்லை.”

“ரெண்டும் சரின்னா எதை வெச்சு முடிவு பண்றது?”

எஸ்தர் சீட்டுக்கட்டை அவர் பக்கம் தள்ளினார்.

“போடுங்க சார். எல்லாரும் வந்துட்டாங்க.”

சம்பந்தமூர்த்தி ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. எஸ்தர் பல் மருத்துவர். அவருடைய மகள் வயது. கோயம்புத்தூரில் இந்தக் கிளப்புக்கு அவர் வந்த நாளிலிருந்து அவருக்கு பிரிட்ஜ் சீட்டாட்டம் சொல்லிக்கொடுப்பவர்.

எஸ்தருக்கு ஜோடியாக ஆடியவர் பெங்களூருக்குக் குடிபோய்விட்டார். அடுத்த மாதம் திருச்சியில் மாநிலப் போட்டி. காலியான அந்த நாற்காலி தனக்கு வேண்டும் என்று சம்பந்தமூர்த்தி வாய்விட்டே கேட்டிருந்தார். வேலையிலிருந்தபோதுகூட அவர் யாரிடமும் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

“ஞாயித்துக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றிருந்தார் எஸ்தர்.

இன்று ஞாயிறு.

கையில் வந்த சீட்டுகளை சம்பந்தமூர்த்தி விரித்தார். ஒவ்வொரு ஏஸுக்கும் நாலு புள்ளி, கிங்குக்கு மூன்று, குயினுக்கு இரண்டு, ஜாக்குக்கு ஒன்று என்று கூட்டினார்.

பதினொன்று.

முதலில் பேச வேண்டியவர் அவர்தான். திறந்தால், எதிரே ஜோடியாக உட்கார்ந்திருக்கும் எஸ்தருக்குத் தன் கை பலமானது என்று சொன்னதாகும். பாஸ் என்றால் இல்லை என்று. இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் சொல்ல வழியில்லை.

ஸ்பேடை இடது பக்கம் சேர்த்தார். மறுபடி வலது பக்கம் மாற்றினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மின்விசிறி சுற்றியது.

வலப்பக்கம் இருந்தவர் கொட்டாவி விட்டார். இடப்பக்கம் இருந்த நூல்மில்காரர் ஆறுக்குட்டி சீட்டுகளைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

“ஏனுங்க ஜட்ஜய்யா, வாய்தா வேணுங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தர் சிரிக்கவில்லை.

“பாஸ்” என்றார் சம்பந்தமூர்த்தி.

“பாஸ்” என்றார் ஆறுக்குட்டி.

“பாஸ்” என்றார் எஸ்தர், உடனே.

நான்காமவரும் பாஸ். யாரும் திறக்காததால் சீட்டுகள் ஆடப்படாமலே, நாலு கைகளும் தனித்தனியாக, உறைக்குள் போயின.

போட்டி முறைப்படி அதே சீட்டுகள் பக்கத்து அறையில் இன்னொரு மேசையிலும் போடப்பட்டன. அங்கே அதே கையை வைத்திருந்த எதிரணிக்காரர் ஏலத்தைத் திறந்து பெரிய ஆட்டமாக ஜெயித்தார். அந்த ஒரு கையில் சம்பந்தமூர்த்தியின் அணி தோற்றது.

மற்றவர்கள் காபிக்கு எழுந்து போனபின், அவர் உறையிலிருந்து எஸ்தரின் சீட்டுகளை எடுத்துப் பார்த்தார்.

“உங்ககிட்டயும் பதினொண்ணு.”

“ஆமா சார்.”

“எனக்கு அடுத்தவர் பாஸ் சொன்னப்புறம் இந்தக் கையை எப்பவும் திறப்பீங்களே?”

“திறப்பேன்.”

“இன்னிக்கு ஏன் திறக்கலை?”

“உங்ககிட்ட பதினொண்ணு இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

“தெரிஞ்சா திறக்க வேண்டியதுதானே!” குரல் உயர்ந்துவிட்டது.

எஸ்தர் தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தார்.

“கோர்ட்டுக்கு வெளியில காதுல விழுந்ததை வெச்சுத் தீர்ப்பு எழுதுவீங்களா சார்?”

ஜோடி ஏலத்தில் சொன்ன சொல்லைத்தான் எடுத்துக்கொள்ளலாம், அவர் தயக்கத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது ஆட்ட விதி. வெறும் கை இருந்தால் ஒருவர் அவ்வளவு நேரம் யோசிக்கமாட்டார். பன்னிரண்டு இருந்தாலும் யோசிக்கமாட்டார். தன் மௌனம் மேசைமேல் பதினொன்று என்று எழுதிவைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்ட ஒரே குற்றத்துக்காக எஸ்தர் தன் கையையும் மூடிக்கொண்டிருக்கிறார்.

“சரி. நான் திறந்திருக்கணுமா, பாஸ் சொல்லியிருக்கணுமா? அதையாவது சொல்லுங்க.”

“எதை வேணாலும் சொல்லியிருக்கலாம்.”

“யோசிக்காம எப்படிச் சொல்றது? புள்ளியை எண்ண வேண்டாமா?”

“பதினொண்ணை எண்ண எவ்வளவு நேரம் ஆகும் சார்?”

விரித்த மாத்திரத்திலேயே எண்ணி முடித்திருந்தார். அப்புறம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தார். மூன்று பேர் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற பிறகு அவருடைய வாயை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

எஸ்தரின் சீட்டுகளை உறைக்குள் திருப்பி வைத்தார்.

ஆறுக்குட்டி பஜ்ஜித் தட்டோடு வந்தார். “இன்னொரு ரவுண்டு போடலாமுங்களா? தோத்தவங்க கலைக்கோணும்.”

சம்பந்தமூர்த்தி கலைத்துப் போட்டார். கையை விரித்தார்.

“பாஸ்.”

“அட, அதுக்குள்ளயா? ஒண்ணுமே இல்லீங்களா?” ஆறுக்குட்டி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

எஸ்தரும் பார்த்தார். அங்கே படிக்க எதுவும் இல்லை.

அந்தக் கை ஆடி முடிந்து சீட்டுகளைச் சேர்க்கும்போது எஸ்தர் சொன்னார்:

“திருச்சி ஹால்ல ஏசி ஜாஸ்தி சார். ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்குங்க.”