பன்னிரண்டு நிமிஷக் கதவு

முப்பத்தோரு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே பிழைத்த கண்டக்டர் அந்தோணிமுத்துவுக்கு அன்றைக்கு மேடையில் நிற்கக் கால் வரவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு, பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நாலு குறுநாடகம். கடைசி நாடகம் இவருடையது. இவர் ஒரே ஆள்தான். மேடையில் சுவர்கூடக் கிடையாது, ஒரு கதவு மட்டும் நிற்கும். பரீட்சையில் தோற்ற மகள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அப்பன் வெளியே நின்று கூப்பிடுகிறான். கதை அவ்வளவுதான். பன்னிரண்டு நிமிஷம் ஓடணும்.

மூன்று மணிக்கு நடந்த ஒத்திகையில் அதை அவர் ஏழு நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

நேற்றும் ஏழு, முந்தாநாளும் ஏழு. மனுஷனுக்கு நின்ற வண்டியைக் கண்டாலே ஆகாது. மகளைக் கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று காத்திருக்க வேண்டிய இடத்திலெல்லாம் கை விசிலைத் தேடிச் சட்டைப்பைக்குப் போகும், வாய் அடுத்த வசனத்துக்குப் போய்விடும்.

"என்னைய விட்ருங்க, டீச்சர்" என்றார். "டிப்போவுல இருந்து பாதிப் பேரு வாரானுவ. சொதப்பினா சாகுற மட்டும் கிண்டல் பண்ணுவானுவ."

பூங்கோதை டீச்சருக்கு அவரைவிட இருபத்தைந்து வயது குறைவு. நடிப்பு சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

"போகணும்னா போங்க, அண்ணாச்சி. கதவு மட்டும் பன்னெண்டு நிமிஷம் நிக்கும்."

அவருக்குச் சுருக்கென்றது.

"கோவப்படாதீங்க, டீச்சர். ஒண்ணு கேக்கேன். இதுல பாட்டு உண்டா, சண்டை உண்டா? ஒத்தை ஆளு, ஒரு கதவு. இதை அப்படி என்னத்த ரசிக்கப் போறாங்க?"

"கீழ போயி உக்காருங்க. மூணாவது வரிசை."

அவர் போய் உட்கார்ந்தார். டீச்சரே மேடை ஏறி, அவர் வேஷத்தைத் தொடங்கினார்.

"மலரு... கதவத் தொற, தாயி."

ரெண்டு தட்டு. பதில் இல்லை.

அடுத்த வசனம் அந்தோணிமுத்துவுக்கு மனப்பாடம். 'சோறு ஆறிப்போகுது.' டீச்சர் அதைச் சொல்லவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடப்பாவமே, மறந்துட்டாங்களே! இவர் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தார்.

"சோறு ஆறிப்போகுது" என்று கீழேயிருந்து மெல்ல எடுத்துக்கொடுத்தார்.

டீச்சர் திரும்பவில்லை. கதவில் காதை வைத்தார். கேட்டது என்னவோ, முகம் மாறியது. காதை எடுத்தார். மறுபடி வைத்தார்.

அந்தோணிமுத்து இப்போது டீச்சரைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார். அந்தப் புள்ள உள்ள என்ன செய்யுதோ? ஏன் ஒரு வார்த்தை பேச மாட்டேங்குது? மாதாவே, காப்பாத்தும். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

"கதவ ஒடைங்க டீச்சர்! என்ன பாத்துட்டு நிக்கீங்க, ஒடைங்க!"

குரல் ஹாலெங்கும் கேட்டது.

டீச்சர் நிதானமாகத் திரும்பினார்.

"கதவுக்குப் பின்னால என்ன இருக்கு, அண்ணாச்சி?"

"வாளியும் வாரியலும்."

"வச்சது யாரு?"

"நாந்தான். காலையில பெருக்கிட்டு வச்சேன்."

"பெறவு ஏன் கத்துனீங்க?"

அந்தோணிமுத்து மேடை ஏறிக் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். டீச்சர் மேலே எதுவும் கேட்காமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆறு மணிக்கு ஹால் நிறைந்தது. முதல் மூன்று நாடகங்களும் முடிந்தன. அந்தோணிமுத்து திரையை ஒரு விரல் விலக்கிப் பார்த்தார். மூன்றாவது வரிசை முழுக்க டிப்போ ஆட்கள். டிரைவர் செல்லச்சாமி கடலையைக் கொறித்துக்கொண்டு, பக்கத்து ஆளின் தொடையில் தட்டிச் சிரிக்கிறான். 'நம்ம முத்து நடிக்கானாம்லே!'

அவர் திரையை விட்டுவிட்டார். திரும்பினார். டீச்சர் பக்கத்தில் நின்றார்.

"டீச்சர், பயம் போகவே இல்ல. மத்தியானம் அந்தக் கதவப் பாத்தப்ப வந்த பயமும் சேந்து உக்காந்திருக்கு. இவ்வளவையும் சொமந்துக்கிட்டு நான் எப்படி நிப்பேன்?"

மணி அடித்தது. திரை நகரத் தொடங்கியது. டீச்சர் கையை நீட்டி, அவர் சட்டைப்பையிலிருந்த பழைய விசிலை எடுத்துத் தன் உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

"அந்தப் பயம் உங்ககிட்ட எறங்குற ஆளு இல்ல, அண்ணாச்சி. மூணாவது வரிசையில எறங்கணும். எறங்கி முடிக்கிற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க."