எட்டாவது விதியைத் தொலைத்த குருவி

அந்தக் காலத்தில், பறவைக்கும் விலங்குக்கும் வாயில் பேச்சு இருந்தபோது, தவிட்டுக்குருவிகள் ஏழு அல்ல, எட்டு. இன்று வேலியோரம் தத்தித் திரியும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் ஏழுதான் வரும். எட்டாவது எங்கே போனது? மிச்சம் இருப்பவை ஏன் ஒன்று சொல்வதை இன்னொன்று கேட்காமல், எல்லாம் ஒரே நேரத்தில் கத்துகின்றன? அதற்கு ஒரு காரணம் உண்டு.

மூன்று வருடம் மழை பொய்த்த நேரம் அது. காட்டில் கடைசியாக மிஞ்சியது ஒரு பாறைக்குட்டை. விடிவதற்குள் கொஞ்சம் தண்ணீர் ஊறி நிற்கும், உச்சிவெயிலுக்குள் சேறாகிவிடும். முந்தி வந்தவர் குடித்தார், பிந்தி வந்தவர் சேற்றை நக்கினார். தினமும் அடிதடி. ஒருநாள் காட்டுப்பன்றி மிதித்து முயலின் கால் ஒடிந்தபோது, ஆமைதான் ஒரு வழி சொன்னது.

"அடிச்சுக்கிட்டுச் சாகறதுக்குப் பதிலா, சீட்டாடி முடிவு பண்ணுவோமே."

பூவரச இலைகள் நாற்பது பறித்தார்கள். முள்ளம்பன்றி தன் முள்ளால் ஒவ்வோர் இலையிலும் ஓர் அதிசய வீரனைக் கீறிக் கொடுத்தது. ஒருவன் நூறு யானை பலம் கொண்டவன். ஒருவன் கண்ணால் தீ மூட்டுகிறவன். ஒருவன் நின்ற இடத்தில் மறைகிறவன். இன்னொருவன் பறக்கிறவன். எல்லாருக்கும் மேலே கொண்டை வீரன். தலையில் விசிறி போல விரியும் கொண்டை, முதுகில் கறுப்பும் வெள்ளையுமாக வரிப்போர்வை. காலையில் குடும்பத்துக்கு ஒரு சீட்டு. வலிய வீரன் வந்தவர் முதலில் குடிக்கலாம், அடுத்த வீரன் வந்தவர் அடுத்து. மாலைக்குள் இலைகள் வாடிவிடும், மறுநாள் புதுச் சீட்டு.

ஆட்டத்துக்கு எட்டு விதிகள் வகுத்தார்கள். அவற்றை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலைக்கு ஆள் தேடியபோது எல்லாரும் நழுவினார்கள். முயல் தனக்கு மறதி என்றது. பன்றி தனக்கு வயிற்றுப்பாடே பெரும்பாடு என்றது. குட்டைக்கு மேல் நின்ற மருதமரத்தின் உச்சிக்கிளையில் குடியிருந்த வல்லூறு மட்டும், "நான் வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு எதற்குச் சிரமம்?" என்றது. என்ன நல்ல மனம் என்று எல்லாரும் பாராட்டினார்கள். பாராட்டியவர்களில் தவிட்டுக்குருவிகளும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. கேட்ட விதிகளை அன்றே மறந்தார்கள். அதற்குத்தான் ஆள் இருக்கிறதே.

பத்து நாள் ஒழுங்காக நடந்தது. பதினோராம் நாள் முயலுக்குத் தீக்கண் வீரன் வந்தான். அது நொண்டிக்கொண்டே தண்ணீரை நோக்கிப் போயிற்று.

"நில்," என்றது வல்லூறு. "மேகம் இல்லாத நாளில் தீக்கண் வீரனுக்குப் பலம் கிடையாது."

"அப்படி ஒரு விதி இருந்துச்சா?" என்று கேட்டது ஆமை.

"முதல் நாளிலிருந்தே இருக்கிறது. நீ நடந்து வந்து சேர்வதற்குள் சொல்லி முடித்துவிட்டோம்."

கல்லின் மேல் படுத்திருந்த ஓணான், ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டியது. அன்று ஓணானுக்கு இரண்டு வாய் தண்ணீர் கூடுதலாகக் கிடைத்தது. அது இன்னும் ஆட்டிக்கொண்டிருக்கிறது.

பிறகு நாளுக்கொரு விதி. தவிட்டுக்குருவிகளுக்குப் பறக்கும் வீரன் வந்தபோது வல்லூறு சிரித்தது. "பறவைக்குப் பறக்கும் வீரன் வந்தால் அதில் என்ன அதிசயம்? செல்லாது." மறுநாள் அதே வீரன் வல்லூறுக்கு வந்தான், செல்லுபடியானான்.

"நீங்களும் பறவைதானே, ஐயா?" என்று கேட்டாள் காத்தாயி. எட்டுச் சகோதரிகளில் நாலாமவள், வாய்த்துடுக்கு அதிகம்.

"நீங்கள் தத்துகிறீர்கள். நான் வட்டமிடுகிறேன்."

ஆட்டம் என்ற பெயரில் தினமும் வல்லூறும் அதன் சுற்றமும் முதலில் குடித்தன. மற்றவர்களுக்குச் சேறு மிஞ்சியது. எல்லாரும் தங்கள் அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டார்கள். இலை சரியில்லை என்று முள்ளம்பன்றியைத் திட்டினார்கள். வல்லூறை யாரும் திட்டவில்லை.

தவிட்டுக்குருவிகளின் கூடு உடைமரத்தில் இருந்தது. மூத்தவள் மூக்காயி பொரித்த குஞ்சுகள் மூன்று. பெற்றவள் ஒருத்தி, வளர்ப்பவர்கள் எட்டுப் பேர், அதுதான் அவர்கள் வழக்கம். அலகில் ஈரம் கொண்டுவந்து குஞ்சு வாயில் விட ஆள் இருந்தது, ஈரம்தான் இல்லை. ஒரு காலையில் மூன்று வாய்களில் இரண்டுதான் திறந்தன.

"வாங்கடி, எட்டுப் பேருமாப் போய் அவன் கண்ணைக் கொத்திட்டு வருவோம்," என்றாள் காத்தாயி.

"கொத்துவே. அவன் ஒரே பிடியில உன்னைத் தின்னுட்டு, குருவி கொத்தினா தின்னலாம்னு ஒரு விதி இருக்குன்னு சொல்லுவான். ஓணான் தலையாட்டும்," என்றாள் மூக்காயி. இறந்த குஞ்சைப் பார்த்தபடியே மேலும் சொன்னாள். "அவன் பலம் நகத்துல இல்லடி. விதி பூரா அவன் ஒருத்தன் வாயில இருக்கு, அதுதான் அவன் பலம். நாம எட்டுப் பேர். விதியும் எட்டு. அதை வெளியில எடுப்போம். ஆளுக்கு ஒண்ணு. காதுல விழுந்த நிமிஷத்துலயிருந்து சொல்லணும். வாயை மூடக் கூடாது. மூடினா மாத்திப்புடுவான்."

"அடுத்தவ விதியை யாரு ஞாபகம் வைக்கறது?" என்றாள் கடைசித் தங்கை பூவாத்தாள்.

"அடுத்தவதான். உன்னோடத நீ பாத்துக்க."

அன்றே குட்டைக்குப் போய் மூக்காயி பணிவாகக் கேட்டாள். "ஐயா, காடே விதியை மறந்துபோச்சு. உங்களுக்கு மட்டுந்தான் மறக்கல. அந்த எட்டையும் உங்க வாயால ஒரு தடவை கேக்கணும்னு ஆசை."

காடே கூடி நின்றது. வல்லூறுக்கு நெஞ்சு விம்மிற்று. பொய் சொல்வதாக இருந்தால் யோசிக்க வேண்டும், பெருமை பொங்கும் நேரத்தில் யார் யோசிக்கிறார்கள்? கடகடவென்று ஒப்பிக்கத் தொடங்கியது.

"ஒன்று, ஆட வந்தவர் தோற்றாலும் ஒரு வாய் தண்ணீர் உண்டு."

மூக்காயி அதைப் பிடித்துக்கொண்டாள். "தோத்தாலும் ஒரு வாய் தண்ணி, தோத்தாலும் ஒரு வாய் தண்ணி," என்று கத்தத் தொடங்கினாள். இரண்டாம் விதி இரண்டாமவளுக்கு. "சீட்டைக் காட்டாம ஜெயிக்க முடியாது." மூன்றாவது மூன்றாமவளுக்கு. ஒவ்வொருத்தியாகச் சேரச் சேர இரைச்சல் ஏறியது. வல்லூறு எட்டாவதற்கு வந்தபோது ஏழு தொண்டைகள் முழங்கிக்கொண்டிருந்தன. ஆமைக்குக் கேட்கவில்லை, முயலுக்குக் கேட்கவில்லை. மற்ற ஏழு சகோதரிகளுக்கும் கேட்கவில்லை. கிளையருகே உட்கார்ந்திருந்த பூவாத்தாள் காதில் மட்டும் விழுந்தது.

அது, விதிகளை யார் மாற்றலாம் என்பதைச் சொல்லும் விதி.

மறுநாள் காலை குருவிகளுக்குக் கல்தோல் வீரன் வந்தான். வல்லூறு, "இன்றைக்குக் கல்தோலுக்கு..." என்று ஆரம்பித்தது. உடனே ஐந்தாமவள், எந்த நாளும் வீரன் பலம் மாறாது என்ற தன் விதியோடு முன்னால் தத்தினாள். "யோசித்துப் பார்த்தால்..." என்றது வல்லூறு. பூவாத்தாள் எட்டாவது விதியைச் சொல்லிக்கொண்டே அதன் முகத்துக்கு நேரே பறந்தாள். வல்லூறு வாயை மூடிக்கொண்டது. குருவிகள் குடித்தன. முயல் குடித்தது. தோற்ற பன்றிக்கும் ஒரு வாய் கிடைத்தது. கூட்டில் இரண்டு குஞ்சுகளும் அலகு நனைந்து கீச்சிட்டன.

இப்படி ஆறு நாள் போயிற்று. ஏழாம் நாள் நண்பகலில், பூவாத்தாள் தனியாக இரை பொறுக்கிக்கொண்டிருந்தபோது வல்லூறு பக்கத்தில் வந்து இறங்கியது. அவள் பின்னால் தத்தினாள், ஆனால் விதியைச் சொல்வதை நிறுத்தவில்லை.

"பயப்படாதே, பூவாத்தா. ஒன்று கேட்கிறேன். எட்டுப் பேர் கத்தும்போது உன் குரல் தனியாக யாருக்காவது கேட்கிறதா?"

அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. காத்தாயி காலையில்தான், "உன் சத்தம் கொசு சத்தம் மாதிரி இருக்குடி," என்று கேலி செய்திருந்தாள். தண்ணீரிலும் அவள்தான் எப்போதும் கடைசி.

வல்லூறு சிறகுக்குள்ளிருந்து ஓர் இலையை எடுத்தது. கொண்டை வீரன். ஆனால் மரத்துப் பிசின் பூசி, வாடாமல் பளபளத்தது. "இது வாடாத சீட்டு. இது இருந்தால் ஆட வேண்டாம், காத்திருக்க வேண்டாம். நினைத்தபோது குடிக்கலாம். வேறொன்றும் வேண்டாம் எனக்கு. பொழுது சாயும்வரை கொஞ்சம் வாய்க்கு ஓய்வு கொடு. மற்ற ஏழு பேர் இருக்கிறார்களே."

பூவாத்தாள் இலையைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டாள். வாயை மூடினாள்.

காடு அமைதியாகிவிடவில்லை. ஏழு பேர் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு குரல் குறைந்தது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை வல்லூறு உச்சிக்கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "இன்று முதல் புதிய விதிகள்," என்றது. "ஒன்பதாவது, மரத்தின் மேல் இருப்பவருக்கே முதல் தண்ணீர். பத்தாவது..."

"பூவாத்தா!" என்று அலறினாள் மூக்காயி. "சொல்லுடி உன் விதியை!"

பூவாத்தாள் குட்டைக் கரையில் நின்றாள். இலையில் இருந்த கொண்டை வீரனைப் போலவே அவள் தலையில் விசிறிக்கொண்டை முளைத்திருந்தது, முதுகில் வரிப்போர்வை படர்ந்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தாள். வாயைத் திறந்தாள். "ஊப்... ஊப்... ஊப்..." சொல்லிக்கொண்டே இருந்ததால் தங்கியிருந்த விதி, சொல்லாமல் விட்ட அரை நாளில் போய்விட்டது.

"அக்கா, நான் தேடிக் கண்டுபிடிச்சுடறேன்..." என்று சொல்ல நினைத்தாள். அதற்கும் ஊப் ஊப் என்றுதான் வந்தது.

"உன் கொண்டைக்குள்ள தேடு," என்றாள் காத்தாயி. பிறகு அவளே திரும்பிக்கொண்டு, தன் விதியைச் சொல்லிக்கொண்டே அழுதாள்.

மூக்காயி அழவில்லை. அழுதால் முதல் விதி போய்விடும். "தோத்தாலும் ஒரு வாய் தண்ணி" என்று முன்பைவிட உரக்கக் கத்தினாள். மற்றவர்களும் கத்தினார்கள். வல்லூறு அன்றைக்கு நாற்பது விதி புதிதாகச் சேர்த்தது. முதல் தண்ணீர் மறுபடி அதற்குப் போயிற்று. ஆனால் அந்த ஏழு விதிகளை மட்டும் அதனால் அசைக்க முடியவில்லை. முயலுக்கு ஒரு வாய், பன்றிக்கு ஒரு வாய், ஆமைக்கு ஒரு வாய். அந்த ஒரு வாய்த் தண்ணீரில்தான் மூக்காயியின் இரண்டு குஞ்சுகளும் மழைவரை உயிரோடு கிடந்தன. ஜெயித்ததாகச் சொல்ல முடியாது. பிழைத்தார்கள்.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் ஏழாகத் திரிகின்றன. ஆளுக்கொரு விதியை வைத்திருப்பதால் பிரிவதில்லை, வாய் ஓய்வதில்லை. வல்லூறின் நிழல் விழுந்தால் இன்னும் உரக்கக் கத்துகின்றன. பகல் தூக்கம் கெடுகிறதென்று அவற்றின் மேல் கல்லெறிகிற மனிதர்களும் உண்டு.

அன்று முதல்தான் கொண்டலாத்தி என்று நாம் சொல்லும் அந்த எட்டாவது குருவி, அத்தனை அழகோடும் தனியாக, தலை குனிந்து, தோண்டித் தோண்டி நீண்டுபோன அலகால் தரையைக் குத்தித் தேடிக்கொண்டிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஏழு பேர் சத்தம் கேட்டால் ஒரு கணம் கொண்டையை விரித்து நிற்கிறது. பிறகு மடக்கிக்கொண்டு மறுபடி தேடுகிறது.