ஓலையில் குளிர்ந்த மணல்

கதை கேட்க வந்தவர்களே, அவரவர் காதை அவரவரே கொண்டுவந்திருக்கிறீர்கள் அல்லவா? நல்லது. முன்னொரு காலத்தில் வெண்கோட்டு நாட்டை ஆண்ட மதிசூடி வர்மனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அவன் குருடனோ செவிடனோ அல்ல. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வம்சத்தில் ஒரு வழக்கம். ராஜாவின் ஐம்புலன்களும் நாட்டின் பொக்கிஷமாம். பொக்கிஷத்தைத் தினமும் எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடாதா? அதனால் கண்ணுக்கு ஓர் அதிகாரி, காதுக்கு ஓர் அதிகாரி, மூக்கு, நாக்கு, தோல் ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரி. ஐந்து பேருக்கும் மாளிகை, பல்லக்கு, பட்டு.

நாக்கதிகாரி பாயசத்தை முதலில் குடித்துவிட்டு "இனிப்பு" என்று ஓலை எழுதுவார். பிறகு ராஜா குடிப்பான். ஓலையைப் பார்ப்பான். "ஆமாம், இனிப்பு" என்பான். சமையற்காரன் ஒருநாள் கைதவறி உப்பைக் கொட்டிவிட்டான். அன்றைக்கும் ராஜா அதைத்தான் சொன்னான். மழையில் மாட்டிக்கொண்டால், நனைந்தோமா இல்லையா என்று தோலதிகாரியைக் கேட்ட பிறகுதான் தலை துவட்டுவான். சிரிக்காதீர்கள், ராஜா அவன்.

அந்த அரண்மனையில் தன் புலன்களைத் தானே வைத்துப் பிழைத்தது பட்டத்து யானை சிங்காரி ஒன்றுதான். அதன் பாகன் கூத்தாண்டி. அவன் சொல்லை அது ஒருநாளும் தட்டியதில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை, கோடையில் ஆறு வற்றியதும், ராஜா யானைமேல் ஏறி மணலைக் கடந்து அக்கரைக் கோயிலுக்குப் போவான். பின்னால் ஊரே போகும், கைக்குழந்தைகளோடு. அந்த வருஷமும் கிளம்பினார்கள்.

ஆற்றங்கரையில் சிங்காரி நின்றுவிட்டது. தும்பிக்கையின் நுனியை மணலில் வைத்தது. முன்னங்காலில் ஒன்றை லேசாகத் தூக்கிக்கொண்டது. அசையவில்லை.

"என்னப்பா, ஏன் நிக்குது?" என்றான் ராஜா.

"கால் வழியாக் கேக்குறா மகாராஜா. மலையில தண்ணி இறங்குது போலிருக்கு. இன்னிக்கு வேண்டாம்" என்றான் கூத்தாண்டி.

உடனே அதிகாரிகள் கூடினார்கள். அக்கரையில் விருந்து ஆறிக்கொண்டிருந்த கவலை அவர்களுக்கு. கண்ணதிகாரி, "வானம் தெளிவு" என்று எழுதினார். காததிகாரி, "மேளச்சத்தம் தவிர வேறு சத்தமில்லை" என்று எழுதினார். தோலதிகாரி பல்லக்கை விட்டு இறங்காமலேயே, "மணல் பூப்போலக் குளிர்ந்திருக்கிறது" என்று எழுதினார். மூக்கும் நாக்கும் கையெழுத்துப் போட்டன.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. "மூணு முரசு அடிக்கச் சொல்றேன். மூணாவதுக்குள்ள யானை இறங்கலேன்னா உன் தலை இருக்காது" என்றான்.

முதல் முரசு அடித்தது. யானை அசையவில்லை.

இரண்டாம் முரசு அடித்தது. யானை அசையவில்லை. கூத்தாண்டி ஒருமுறை அங்குசத்தால் தொட்டிருந்தால் போதும், அவனுக்காக அது வெள்ளத்திலும் இறங்கியிருக்கும். அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். அங்குசத்தைக் கீழே போட்டுவிட்டான். உயிர்ப்பயம் இல்லாமல் அல்ல.

"மகாராஜா, ஒரே ஒரு தடவை உங்க சொந்தக் காலை மணல்ல வச்சுப் பாருங்க. அப்புறம் வெட்டிக்குங்க."

அதிகாரிகள் பதறினார்கள். "வழக்கமில்லை! வழக்கமில்லை!" ஆனால் வழக்கமில்லாததைச் செய்யும் ஆசை ராஜாவுக்கும் வராதா? யானையை மண்டியிடச் சொல்லி இறங்கினான். மிதியடியைக் கழற்றினான். உச்சிவெயில் மணலில் வெறுங்காலை வைத்தான்.

"ஐயோ, சுடுதே!"

பிறந்ததிலிருந்து, தான் உணர்ந்ததைப் பற்றி ஓலையைப் பார்க்காமல் அவன் சொன்ன முதல் வார்த்தை அதுதான். ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டே தோலதிகாரியின் ஓலையை மறுபடி படித்தான். பூப்போலக் குளிர்ச்சி. அடுத்து மற்ற ஓலைகளையும் படித்தான். அவன் முகம் மாறியது.

"நல்லது. வெள்ளம் இல்லேன்னு எழுதினவங்க அஞ்சு பேரும் முன்னால நடங்க. அக்கரை சேர்ந்ததும் நான் வரேன்."

அவ்வளவுதான். ஐவருக்கும் அந்தக் கணமே புலன்கள் திறந்துகொண்டன. கண்ணதிகாரிக்கு மேற்கே புழுதி தெரிந்தது. காததிகாரிக்கு இரைச்சல் கேட்டது. மூக்கதிகாரிக்கு ஈரமண் வாசனை அடித்தது. மற்ற இருவரும் எதையும் சோதிக்க நிற்கவில்லை. ஐந்து பேரும் பட்டைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பின்னாலேயே ஊரும் மேடேறியது.

மூன்றாம் முரசு அடிக்கவே இல்லை. மரங்களை வேரோடு உருட்டிக்கொண்டு செந்தண்ணீர் வந்து கரையை முட்டியது.

ராஜா கூத்தாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். வெட்கத்தால் அழுதான், அதை மறைக்கவும் இல்லை. பிறகு யானைமேல் ஏறாமல், கொப்பளித்த காலோடு ஊருக்கு நடந்தே திரும்பினான். வழியில், இடுப்பில் பிள்ளையோடு வந்த ஒருத்தி அவனைப் பார்த்து ஏதோ கத்தினாள். பழைய பழக்கம் விடுமா? ராஜா காததிகாரி பக்கம் திரும்பினான். அவர் பணிவாக வாயைத் திறந்தார்.

"நீ பேசாதே. பசிக்குதுன்னு சொல்றா. எனக்கே கேக்குது" என்றான் ராஜா.

கேட்டுக்கொண்டிருந்தவர்களே, இதுதான் நீதி: இனிப்பான சேதி சொல்லக் காசு வாங்குகிறவனிடம் தன் கண்ணையும் காதையும் ஒப்படைத்தவன், தன் காலைச் சுட்டுக்கொண்டால் ஒழிய உண்மையை அறியமாட்டான்.